“உட்காருங்கள் பாட்டி” என்று சொல்லும் முன்…

மாணவர்களே, தண்ணீர் எடுக்கப் பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்தால் நாம் என்ன சொல்வோம்? “நீங்கள் உட்காருங்கள் பாட்டி, நான் எடுத்து வருகிறேன்” என்போம். பெரியவர்களை வேலை வாங்கக்கூடாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

முதியோர் பராமரிப்பை முறையாகப் படித்த ஒருவர் அங்கு இருந்தால் வேறு விதமாகச் சொல்வார். “அவரால் முடிந்தால் அவரே எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள்” என்பார். அவருக்குப் பாட்டிமீது அன்பு குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். உட்கார்ந்தே இருக்கும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

முதியோரைப் பார்த்துக்கொள்ள நல்ல மனம் இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். நல்ல மனம் கட்டாயம் வேண்டும். ஆனால் தசை, தோல், தொண்டை, மூளை ஆகியவை முதுமையில் எப்படி மாறுகின்றன என்று தெரியாவிட்டால், அந்த நல்ல மனமே சில வேளைகளில் கெடுதல் செய்துவிடும். அந்த அறிவியலையும், அதை நம்பி நடக்கும் வேலைகளையும் இந்த வாரம் பார்ப்போம்.

எண்கள் சொல்வது என்ன?

2014ல் சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 12.4 விழுக்காடு. 2024ல் அது 19.9 விழுக்காடாகியது. 2030ல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்று கணித்திருக்கிறார்கள். இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் நீங்கள், மேற்படிப்பிலோ முதல் வேலையிலோ இருக்கப்போகும் காலம் அது.

மற்ற நாடுகளும் மூப்படைகின்றன. ஆனால் நம்முடைய வேகம் அதிகம். பிரான்சில் 65 வயதைத் தாண்டியோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர 115 ஆண்டுகள் பிடித்தன. சிங்கப்பூர் அதே தூரத்தை ஏறத்தாழ 20 ஆண்டுகளில் கடந்துவிட்டது. பிரான்சு நான்கு தலைமுறைகளில் மெல்லக் கற்றுக்கொண்டதை நாம் ஒரே தலைமுறையில் கற்க வேண்டியிருக்கிறது.

தசை: பயன்படுத்தாவிட்டால் போய்விடும்

நம் தசை கல்லில் செதுக்கிய சிலை போன்றதன்று. உடல் அதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உடைக்கிறது, கொஞ்சம் கட்டுகிறது. எழுந்து நின்று, நடந்து, படியேறும்போது “இந்தத் தசை தேவைப்படுகிறது” என்ற செய்தி உடலுக்குப் போகிறது. அந்தச் செய்தி வராவிட்டால் கட்டும் வேலை குறைந்துவிடும். முப்பது வயதைக் கடந்த பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடுகிறது.

படுக்கை இதை எவ்வளவு விரைவுபடுத்தும்? 2007ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நலத்துடன் இருந்த, சராசரியாக 67 வயதான சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. இருந்தும் பத்தாம் நாள் முடிவில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத் திசுவை அவர்கள் இழந்திருந்தார்கள். காய்ச்சலுடன் மருத்துவமனைக்குப் போன தாத்தா காய்ச்சல் குணமான பிறகும் நடக்க முடியாமல் வீடு திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணக்கை மறுபக்கமும் திருப்பலாம். 1990ல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான, உடல் தளர்ந்த சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதிலும் தசைக்குக் காது கேட்கிறது. அதனிடம் சரியான மொழியில் பேச வேண்டும், அவ்வளவுதான். அந்த மொழியைப் படித்தவர் இயன்மருத்துவர்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்பே இதைச் செய்து காட்டியவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1935ல் லண்டனின் மேற்கே இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிக் கூடத்தையும் ஏற்றுக்கொண்டது. அங்கு 714 பேர் இருந்தனர். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையிலேயே கிடந்தவர்கள். “வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது” என்று விட்டுவிட்டார்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்தார். எழக்கூடியவர்களை எழச் செய்தார். நடைப்பயிற்சி தந்தார். கூடங்களுக்கு வெளிச்சமும் வண்ணமும் கொண்டுவந்தார். பலர் நடந்து வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக்க வேண்டும் என்று 1943ல் மருத்துவ இதழில் எழுதி வாதாடியவரும் அவரே.

தோல்: இயற்பியல் பாடம் படுக்கையில்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தச் சூத்திரம்தான் படுத்த படுக்கையாக இருப்பவரின் தோலைக் காக்கிறது.

நாம் படுத்திருக்கும்போது உடலின் எடை சில இடங்களில் குவிகிறது. குதிகால், இடுப்பின் பின்புற எலும்பு, தோள்பட்டை, பின்னந்தலை ஆகியவை அந்த இடங்கள். அங்கு எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிறிதளவு தோலும் சதையும்தான் உண்டு. தோலுக்கு உணவும் உயிர்வாயுவும் கொண்டுவரும் நுண்குழாய்களில் இரத்த அழுத்தம் மிகக் குறைவு. மேற்கையில் பட்டை கட்டி அளக்கும்போது 120 என்று காட்டுகிறதே, அதே அலகில் நுண்குழாயின் அழுத்தம் சுமார் 32தான். வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதைவிடக் கூடி, நெடுநேரம் நீடித்தால் நுண்குழாய் நசுங்கிவிடும். இரத்தம் போகாத தோல் மெல்லச் சாகும். அதுதான் படுக்கைப் புண்.

நீங்களும் நானும் தூக்கத்தில் அறியாமலேயே புரண்டு படுத்துவிடுகிறோம். புரள முடியாதவரை வேறொருவர் புரட்ட வேண்டும். அதனால்தான் தாதிமை இல்லங்களில் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை படுக்கும் நிலையை மாற்றும் வழக்கம் இருக்கிறது. காற்று மெத்தைகளும் இதே கொள்கையில்தான் வேலை செய்கின்றன. ஓர் அறையில் காற்று நிரம்பும்போது அடுத்த அறையில் குறையும். அழுத்தம் ஓரிடத்திலேயே தங்காது.

இன்னொரு செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. தோல் கெடத் தொடங்கும்போது அந்த இடம் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. வெளிர்நிறத் தோலில் அது தெளிவாகத் தெரியும். நம்மில் பலருடையதைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே பயிற்சி பெற்ற தாதி கண்ணை மட்டும் நம்பமாட்டார். கையால் தொட்டு, அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, இறுகியோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்ப்பார்.

தொண்டை: ஒரு மிடறு தண்ணீரின் ஆபத்து

தொண்டையில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று இரைப்பைக்கு, மற்றொன்று நுரையீரலுக்கு. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. இரண்டு டசனுக்கும் மேற்பட்ட தசைகள் ஒழுங்காக இணைந்து ஏறக்குறைய ஒரு வினாடியில் இதை முடித்துவிடுகின்றன. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை எழும்பி இறங்குவது தெரியும்.

பக்கவாதமோ முதுமை மறதிநோயோ வந்தால் இந்த ஒழுங்கு குலையலாம். மூச்சுப் பாதை மூடுவதற்குள் தண்ணீர் ஓடிவிடும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். வியப்பு என்னவென்றால், இவர்களில் பலருக்குக் கெட்டியான உணவைவிடச் சாதாரணத் தண்ணீர்தான் ஆபத்து. அது மிக வேகமாக ஓடுகிறது. ரசம் ஊற்றிய சோறும் அப்படித்தான். வாய்க்குள் சோறு மெல்லப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். “சாப்பிட முடியவில்லை, ரசஞ்சோறாவது கொடுப்போம்” என்று நாம் அன்போடு ஊட்டுவது சிலருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இதற்காகவே ஐடிடிஎஸ்ஐ என்ற அனைத்துலக அளவுகோல் இருக்கிறது. பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக அது பிரிக்கிறது. பானத்தின் நிலையைக் கண்டறியும் சோதனை மிகவும் எளியது. அந்த அளவுகோல் குறிப்பிடும் அளவுள்ள, ஊசி பொருத்தாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சை எடுத்து, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு 10 மில்லிலிட்டர் கோடு வரை பானத்தை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு, மீண்டும் அடைக்க வேண்டும். மிச்சம் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு என்றால் நிலை 0. 1 முதல் 4 வரை இருந்தால் நிலை 1. 4 முதல் 8 வரை இருந்தால் நிலை 2. 8க்கு மேல் தங்கினால் நிலை 3. எதுவுமே ஓடாவிட்டால் நிலை 4. அறிவியல் மன்றத்தில் மைலோ, மோர், மாம்பழ லஸ்ஸி ஆகியவற்றை வைத்துச் செய்து பார்க்கலாம்.

திட உணவுக்கு முள்கரண்டியே அளவுகோல். பெரியவர்களுக்கான நிலை 5 உணவில் துண்டுகளின் அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. சாதாரண முள்கரண்டியின் இரு பற்களுக்கு இடையிலான இடைவெளி ஏறக்குறைய அதே அளவுதான்.

யாருக்கு எந்த நிலை என்று தீர்மானிப்பவர் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர். நாமாக முடிவுசெய்து பானத்தைக் கெட்டியாக்கக்கூடாது.

மூளை: பழையது நிற்கும், புதியது நழுவும்

மனநலக் கழகம் சிங்கப்பூரில் நடத்திய ஆய்வுகளின்படி, 2013ல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதிநோய் இருந்தது. 2023ல் அது 8.8 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர். விகிதம் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 52,000லிருந்து சுமார் 74,000க்கு உயர்ந்தது. விகிதம் குறைந்தும் எண்ணிக்கை எப்படிக் கூடும்? மூத்தோரின் மொத்தத் தொகை அதைவிட வேகமாகப் பெருகிவிட்டது. கணிதத் தேர்வில் இப்படியொரு கேள்வி வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்!

மறதிநோயில் மிகப் பரவலானது அல்சைமர் நோய். அது பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும். அதனால் இன்று காலை சாப்பிட்டது நினைவிருக்காது. அறுபது ஆண்டுக்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன வழி நினைவிருக்கும்.

85 வயதான ஒருவர் “என் அம்மா எங்கே?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “உங்கள் அம்மா இறந்து முப்பது வருடமாகிவிட்டதே” என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு அது புதிய செய்தி. அம்மா இறந்த துயரத்தை அந்த நொடியில் முதன்முறையாக அனுபவிப்பார். அடுத்த மணி நேரத்தில் மறந்து, மறுபடியும் கேட்பார். “அம்மா நினைவு வந்துவிட்டதா? அவர் என்ன சமைப்பார், சொல்லுங்கள்” என்று கேட்கப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்குத் தெரியும். பொய்யும் இல்லை, புண்படுத்தலும் இல்லை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று திடீரென்று குழம்பினால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து, பக்கவாதம் என்று அதற்கு உடனடிக் காரணம் இருக்கக்கூடும். “வயதாகிவிட்டது, அப்படித்தான்” என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் தமிழ் ஒரு மருத்துவக் கருவி

பிற்காலத்தில் கற்ற மொழி மறதிநோய் முற்ற முற்ற நழுவிப்போய், தாய்மொழிக்கே திரும்பிவிடும் முதியவர்கள் பலர். வேலையிடத்தில் ஆங்கிலமும் மலாயும் பேசியவர் கடைசியில் தமிழில் மட்டும் பேசுவார். நம் தாதிமை இல்லங்களில் பிலிப்பீன்ஸ், மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அக்கறையோடு உழைக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது.

அதனால் என்ன இழப்பு? வலியை எடுத்துக்கொள்ளுங்கள். “குத்துது”, “எரியுது”, “கடுக்குது”, “குடையுது”, “விண்விண்ணுன்னு தெறிக்குது”, “மதமதன்னு இருக்கு” என்றெல்லாம் நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லும் மருத்துவருக்கு ஒரு துப்பு. காலில் எரிச்சலும் மதமதப்பும் நரம்புப் பாதிப்பைக் குறிக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் அது அதிகம். “தலை சுத்துது” என்பதும் “கண்ணை இருட்டிக்கிட்டு வருது” என்பதும் ஒன்றல்ல. முன்னது உட்காதின் சமநிலைக் கோளாறாக இருக்கலாம். பின்னது எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வரலாம். இத்தனையையும் “வலிக்கிறதாம்”, “மயக்கமாம்” என்று சுருக்கிச் சொன்னால் துப்பு தொலைந்துவிடும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த தாதிக்கு இதெல்லாம் பாடம் படிக்காமலே கிடைத்த திறன்.

ஒரு விழுகை, எத்தனை பேர்?

78 வயதான பெரியவர் ஒருவர் வீவக வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

எலும்பைப் பொருத்துபவர் அறுவை மருத்துவர். விழுந்ததன் காரணத்தைத் தேடுபவர் முதியோர் நல மருத்துவர். அவர் சாப்பிடும் ஏழெட்டு மாத்திரைகளில் எது தலைசுற்றலை உண்டாக்கியது என்று ஆராய்பவர் மருந்தாளர். கூடியவரை விரைவில், பெரும்பாலும் மறுநாளே, எழுப்பி நிறுத்துபவர் இயன்மருத்துவர். தசையைக் கட்டத் தேவையான புரதத்தைக் கணக்கிடுபவர் உணவியல் வல்லுநர். காயத்தையும் தோலையும் இரவு பகலாகக் கவனிப்பவர் தாதி.

வீட்டுக்குப் போகும் முன் செயல்வழிச் சிகிச்சையாளர் வருவார். அவர் பார்ப்பது பெரியவரின் அன்றாடத்தை. சட்டை போட முடிகிறதா? கழிவறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா? எந்த உயரத்தில் கைப்பிடி வேண்டும்? வீவகவின் ஈஸ் திட்டத்தின்கீழ் கைப்பிடிகள், சரிவுப்பாதை, குளியலறைத் தரைக்கு வழுக்காப் பூச்சு ஆகியவற்றை அரசாங்க உதவியோடு பொருத்திக்கொள்ளலாம். செலவுக்கும் குடும்பச் சிக்கலுக்கும் வழிகாட்டுபவர் மருத்துவச் சமூக ஊழியர். வீட்டுக்கு வந்து கவனிப்பவர் இல்லத் தாதி. எல்லாச் சேவைகளையும் கோத்துத் தருவதற்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு இருக்கிறது. பெரியவர் நடக்கத் தொடங்கியதும் புளோக்கின் கீழேயே துடிப்புடன் மூப்படையும் நிலையம் இருக்கலாம். அங்கு உடற்பயிற்சி உண்டு, பேச்சுத் துணை உண்டு.

மருத்துவமனைக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. சாலை கடக்கும் இடங்களில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். 2009ல் நிலப் போக்குவரத்து ஆணையம் அறிமுகப்படுத்திய கிரீன் மேன் பிளஸ் அது. மெதுவாக நடப்பவருக்கு எத்தனை வினாடி வேண்டும் என்று கணக்கிட்டவரும் ஒரு வகையில் முதியோர் பராமரிப்பாளர்தான். பொறியியல், வடிவமைப்பு, கணினி என்று எந்தத் துறையை நீங்கள் விரும்பினாலும் இதில் இடமுண்டு.

எங்கே படிக்கலாம்?

தாதிமைக்குப் பல வாசல்கள் உள்ளன. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமைப் படிப்பு இருக்கிறது. நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தாதிமைப் பட்டயப் படிப்பு உள்ளது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப் படிப்பு இருக்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற வழியும் உண்டு. இயன்மருத்துவம், செயல்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை, உணவியல் ஆகியவற்றை சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப் படிப்பாகப் படிக்கலாம். சமூகப் பணிக்கும் முதுமையியலுக்கும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிப்புகள் உள்ளன. நுழைவுத் தகுதிகள் மாறக்கூடும் என்பதால் பள்ளியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான படிப்புகளுக்கு அறிவியலும் கணிதமும் கைகொடுக்கும்.

சம்பளம்? முன்பைவிடக் கவனம் கூடியிருக்கிறது. 2024ல் சுகாதார அமைச்சு அறிவித்த ஏஞ்சல் திட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரத் துறையில் நீடிக்கும் தகுதிபெற்ற தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம்.

“அந்த வேலையா?”

இந்தத் துறைக்குப் போகிறேன் என்றால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். “படித்துவிட்டு மலஜலம் அள்ளவா போகிறாய்?” என்பார்கள். இதற்கு நேராகவே பதில் சொல்லலாம். ஆம், அதுவும் வேலையில் ஒரு பகுதி. ஆனால் பெரியவரின் உள்ளாடையை மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் பயிற்சி பெற்றவர் என்னென்ன கவனிக்கிறார் என்று பாருங்கள். மலம் தார்போல் கறுத்திருந்தால், அவர் இரும்புச்சத்து மாத்திரை எடுக்காத நிலையில், வயிற்றுக்குள் இரத்தக் கசிவாக இருக்கலாம். சிறுநீர் அடர்நிறமாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருளாகலாம். இடுப்புத் தோல் சூடாக இருந்தால் புண் தொடங்கிக்கொண்டிருக்கலாம். மருத்துவர் வாரத்தில் ஒருமுறை பார்ப்பதை இவர் ஒரு நாளில் நான்கு முறை பார்க்கிறார். ஆபத்தை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் இவர்தான்.

கடினமான பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவு நேர வேலை இருக்கும். முதுகு வலிக்கும். அதனால் தூக்கும் முறையையே ஒரு பாடமாகக் கற்பிக்கிறார்கள். மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர் ஒருநாள் இறந்துபோவார். மறுநாள் அதே கட்டிலுக்கு இன்னொருவர் வருவார். இதைத் தாங்கும் மனம் எல்லாருக்கும் உடனே வந்துவிடாது. பள்ளிச் சமூகச் சேவையாக ஒரு முதியோர் இல்லத்துக்கோ மூப்படையும் நிலையத்துக்கோ சில வாரங்கள் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பண்டிகைக்கு ஒருநாள் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவதில் இது தெரியாது.

இந்த வாரச் சோதனை

பெரியவர் ஒருவருடைய சம்மதத்தோடு இதைச் செய்யுங்கள். கைப்பிடியுள்ள நாற்காலியில் அவர் உட்காரட்டும். நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு ஒட்டுங்கள். வழக்கமான காலணியோடு, கைத்தடி இருந்தால் அதோடு, “தொடங்குங்கள்” என்றதும் அவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கைப்பேசியில் நேரம் பாருங்கள். பெரியவர் ஒருவர் அவருக்கு அருகிலேயே நடந்து வருவது கட்டாயம்.

12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் அவர் விழும் ஆபத்து கூடுதலாக இருக்கலாம். பயப்படவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது நேரத்தை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இயன்மருத்துவர்கள் நாள்தோறும் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று.